நாற்பதுக்கு மேல் கேட்ட வெடிச்சத்தம்

அல்போன்ஸ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நானாட்டானில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. என் காரை அரைகுறையில் விட்டுவிட்டுப் போக இந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

உப்புக்குளத்தில் அவருடைய கராஜுக்குப் போனவர்களுக்கு அவர் பிடிவாதம் தெரியும். என்னுடையது இருவர் மட்டும் அமரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், எத்தனையோ வருட ஆசை. போன வருடம் எஞ்சின் ‘டப் டப்’ என்று வெடிக்கத் தொடங்கியது. எல்லா நாளும் அல்ல. கடல் நடுவே நீளும் தாம்போதிச் சாலையில் ஓடும்போது வெடிக்கும்; அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் மூச்சுக் காட்டாது. “வருச முடிவுக்குள்ள சத்தம் நிக்காட்டி விக்கிறதுதான்” என்று என் கணவர் கெடு வைத்துவிட்டார்.

சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து போட்டுக் காட்டினேன். “இது போனின்ர சத்தம் ரீச்சர். என்ர காதால கேக்காத வருத்தத்துக்கு நான் மருந்து குடுக்கமாட்டன்” என்றார். சரி, ஏறுங்கோ என்று தாம்போதிக்குக் கூட்டிப்போனேன். வேகமுள் நாற்பதைத் தாண்டியதும் செபமாலையை எடுத்துவிட்டார்.

“ஐயோ மாதாவே! மெல்லமாப் போங்கோ ரீச்சர்!”

“வேகமாப் போனாத்தானே அண்ணை வெடிக்கும்!”

“அப்ப வேகமாப் போகாதேங்கோ. வருத்தம் சுகம்.”

இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பிளக், கொயில், புகைக்குழாய் என்று நான்கு தடவை கழற்றிப் பூட்டினார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கோ என்று கத்தினேன். “சொல்ல வெக்கமில்லை. இன்னும் தேடி முடியேல்லை” என்றார். தேடி முடிக்காமலே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, விற்பதற்கு முன் வவுனியாவில் ஒரு கராஜில் காட்டினேன். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தவர் ஒரு துணிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். உள்ளே மண். “வேகமா ஓடேக்க காத்து இழுத்து, இது எழும்பி வழியை அடைக்குது. மெல்லமா ஓடினா கீழ கிடக்கும். ஆர் அக்கா இதை வைச்சது?”

பொட்டலத்தோடு அண்ணனின் மனைவி ரெஜினா அக்காவிடம் போனேன். பார்த்ததும் அழுதுவிட்டார்.

“மடு மாதா கோயில் மண் ரீச்சர், காவலுக்கு வைச்சவர். நீங்கள் பறக்கிறியள் எண்டு அவருக்கு ஒரே பயம். போன வருசம் நான்தான் தைச்சுக் குடுத்தனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா சிரிப்பியள் எண்டவர்.”

எஞ்சினில் எல்லாவற்றையும் சந்தேகித்தவருக்கு, மாதாவின் மண்ணைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவில்லை. அட, என்ன மனிதர்!

கார் இப்போது வெடிப்பதில்லை. விற்கவும் இல்லை. பொட்டலம் என் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரோடு பிடிக்க வேண்டிய சண்டையும் அப்படியே என்னிடம் இருக்கிறது.

சிரித்திருப்பேன் அண்ணை, உண்மைதான். ஆனால் எடுத்து எறிந்திருக்கமாட்டேன்.