பாண் ஓட்டோவில் வந்த பாட்டு

கிளிநொச்சியில் என் வீட்டின் பின்னறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, யன்னலை அடைத்து, நாய் குரைத்தாலும் உள்ளே கேட்காது என்று வருகிறவர்களிடம் பெருமை பேசுவேன். அந்தப் பெருமையெல்லாம் பின்னேரம் வரைக்கும்தான். பின்னேரமானால், பேக்கரிப் பாண், பணிஸ், மீன் வைத்த மாலுபாண் எல்லாம் வாசலுக்கே கொண்டுவந்து விற்கிற பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்துவிடும். அதன் கூரையில் கட்டிய ஒலிபெருக்கிக்கு முன்னால் எந்த மெத்தையும் நிற்காது. நாட்டிலுள்ள அத்தனை பாண் ஓட்டோவிலும் கேட்கிற அதே வெளிநாட்டு மெட்டு, அதுவும் தேய்ந்த குரலில். அக்கா தன் முதல் தனி அல்பத்தைப் பதிவு செய்த நாட்களில், அவர் குரல் நன்றாக ஏறுகிற இடம் பார்த்து அது வந்து சேரும். ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, "இந்த மனுசனுக்கு வேற நேரமே கிடையாதோ?" என்று அடைத்த யன்னலைப் பார்த்துக் கத்துவார். ஓட்டோ போய் முடியுமட்டும் இருவரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருப்போம்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. வன்னியில் திருவிழா என்றால் முதலில் கேட்டுவைக்கிற பெரிய இசைக்குழு ஒன்று இருந்தது. அதன் முதன்மைப் பாடகி அவர், ஒலி பார்க்கிறவன் நான். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல். ஆனையிறவைத் தாண்டிப் போனாலும் அவர் மேடையேறினால் சனம் எழும்பாது. பாடியதெல்லாம் சினிமாப் பாட்டு. முடிந்ததும் பெண்கள் வந்து கையைப் பிடித்து, "அச்சொட்டா படத்தில பாடின மாதிரியே இருக்கு" என்பார்கள். அந்தப் பாராட்டுத்தான் அவருக்குக் கசந்தது. "ஒருக்காலாவது நான் என்னை மாதிரிப் பாடவேண்டாமே?" என்று கச்சேரி முடிந்து குழுவின் வானில் திரும்பும்போது கேட்பார். கடைசியில், மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் குழுத்தலைவரிடம் நேரே போய், விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் சண்டை பிடிக்கவில்லை. "போட்டு வா பிள்ளை. அடுத்த அம்மன் திருவிழாவுக்கிடையில உன்ர பாட்டில ஒண்டையாவது சனம் வாய்விட்டுப் பாடினா, நீ சொன்னது சரி. இல்லாட்டி உன்ர மைக் இஞ்சதான் கிடக்கும், வந்து எடு" என்றார். அக்கா "ஓம்" என்றார். அவர் பயப்படவேயில்லை. அவருக்கும் சேர்த்து நான் பயந்தேன்.

அல்பம் நன்றாகத்தான் வந்தது. அதில் ஒரு பாட்டு அக்காவின் அப்பாவைப் பற்றியது. கடலால் வருகிற அப்பாவைப் பார்க்கக் கரையில் நிற்கிற பிள்ளைகள் பாடுவதாக, "வாறார் வாறார் எங்கட அப்பா, வள்ளம் நிறைய வாறார்" என்று துள்ளிக்கொண்டு தொடங்கும். அந்த அப்பா இப்போது இல்லை. பதிவின்போது அந்த வரியில் மட்டும் அக்கா சிரித்துக்கொண்டே பாடினார். வெளியீட்டு விழாவோ, கடவுளே! வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை, எல்லோருக்கும் பொன்னாடை. பாட்டைப் போடலாம் என்று நான் கையை வைக்க, அடுத்த கலியாணத்துக்குக் கதிரை அடுக்க மண்டபக்காரர் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு சீடி வாங்கிப் போனார்கள். அதைப் போட்டுக் கேட்க ஒருவர் வீட்டிலும் பெட்டி இல்லை என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சில கிழமை கழித்து நானும் அக்காவும் மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் கரையால் போனபோது, நெல் வயலில் குருவி கலைக்க வரிசையாக ஏதோ கட்டி மின்னிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால் அக்காவின் சீடி. அவர் முகம் காற்றில் சுற்றிச் சுற்றி எங்களைப் பார்த்தது. "பாத்தியே தம்பி, குருவி எண்டாலும் பாக்குது" என்று சிரித்தார். வீட்டடியில் இறங்கும்போதுதான், "மாஸ்டரிட்டத் திரும்பிப் போறன் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார்.

அந்தக் கிழமைதான் பாண்கார அண்ணை மழையில் நனைந்த தன் ஓட்டோவின் பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் திருத்த வந்தார். பெட்டி பிழைத்தது, மெட்டு இருந்த சிப் செத்துவிட்டது. சத்தம் வருகிறதா என்று பார்க்க, கையில் கிடைத்த சிப்பைப் போட்டேன். அதில் இருந்தது அக்காவின் அப்பா பாட்டு. அண்ணை வாசலில் நின்று தலையாட்டிக் கேட்டார். "இது கிடக்கட்டும் தம்பி. அந்தப் பழசைக் கேட்டுக் கேட்டு எனக்கே விசர்" என்று அப்படியே பூட்டிக்கொண்டு போனார். விசயம் தெரிந்ததும் அக்கா என் வாசலில் வந்து நின்ற கோலம் இருக்கிறதே! "என்ர அப்பாவை நினைச்சு எழுதின பாட்டைப் போட்டு மாலுபாண் விக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனவர், திருவிழா வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

அம்மன் திருவிழாவில் மாஸ்டரின் குழுதான். பொழுது படுகிற நேரம், எல்லோருக்கும் முதல் அக்காவுக்கு ஒரு பாட்டுப் பாட மேடை கொடுத்தார். அது முடியத் தன் பழைய இடத்துக்கு வருவதாக அக்காவும் சொல்லியிருந்தார். அப்பா பாட்டின் முன்னிசையை வாசித்தார்கள். உடனே மணலில் இருந்த சின்னப் பிள்ளைகள் துடித்து எழும்பிக் கோயில் வாசலைப் பார்த்து ஓடினார்கள். சில தாய்மாரும் கைப்பையைத் தடவிக்கொண்டு பின்னால் எழும்பினார்கள். சனம் எழும்பிப் போகிறது என்றே அக்கா நினைத்தார். என்றாலும் முதல் வரியைப் பாடத் தொடங்கினார். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல்: "அம்மா, பாண் மாமாவைக் காணேல்லை! இஞ்ச ஆரோ பாடுகினம்!"

கோயில் வீதி முழுக்கச் சிரிப்பு. அக்காவுக்கும் சிரிப்பு முட்டிப் பாட வரவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் சனம் எடுத்துக்கொண்டது. "வாறார் வாறார் எங்கட அப்பா" என்று ஆண்களும் பெண்களும் ஒரே குரலில், இரண்டாம் சரணம்கூடப் பிசகாமல் பாடினார்கள். அக்கா மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல் நின்றார். ஒலி பார்க்கிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற மாஸ்டர் தலையில் கை வைத்து, "நாசமாப் போச்சு. நான் இனி வேற ஆளைத்தான் தேடோணும்" என்றார். அப்படி வாய் நிறையச் சிரித்து அவரை நான் கண்டதில்லை. மேடையால் இறங்கிய அக்கா நேரே என்னிடம் வந்தார். "அந்தப் பிள்ளையள் ஓடினதைப் பாத்தியே? நானும் உப்பிடித்தான் கரைக்கு ஓடினனான்" என்றார். கோபம் போன இடமே தெரியவில்லை.

இப்போது அக்காவின் இரண்டாவது அல்பம் அதே பின்னறையில் நடக்கிறது. முன்பு மாதிரி இல்லை. யாரிடமும் வாங்கச் சொல்லித் திரிகிற தேவை இல்லை. புதுப் பாட்டொன்றைக் கொடுத்துப் பார்த்தேன், பாண்கார அண்ணை மறுத்துவிட்டார். பாட்டை மாற்றினால் பிள்ளைகள் வெளியில் வரமாட்டார்களாம். போன கிழமை அக்காவின் குரல் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. சரியாக அந்த இடத்தில் ஒழுங்கைக்குள் "வாறார் வாறார்" என்று கேட்டது. பழக்கத்தில் பதிவை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"விடு தம்பி, கிடக்கட்டும்" என்று தடுத்தார். கண்ணை மூடி, ஓட்டோ எங்கள் படலையில் வந்து நிற்குமட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தார்.

"அப்பா வந்திட்டார். வா, பணிஸ் வாங்குவம்."