யூரியா தின்ற மல்பெரி

வயலுக்கு எறிந்து மிஞ்சிய யூரியாவைக் கொண்டுவந்து மல்பெரி மரத்தடியில் கொட்டிய மடையன் நான்தான். நெல்லைப் பச்சையாக்குகிற சாமான் பழத்தையும் தரும் என்று நினைத்தேன். ஒருமுறை கொட்டியிருந்தால் மன்னிக்கலாம். வருடாவருடம் கொட்டினேன்.

துணுக்காய் ஊரில் சிநேகிதன் ஒருவனின் வீட்டு வளவில் பழம் தின்று, நாக்கு ஊதாவாகி, அங்கேயே ஒரு தடியை முறித்துக்கொண்டு வந்து தர்மபுரத்தில் எங்கள் கிணற்றடியில் நான் நட்டது. ஒழுங்கையில் வேறெந்த வீட்டிலும் இல்லாத மரம். சைக்கிளில் போகிறவர்களைக்கூட மறித்துக் காட்டுவேன். யூரியாவின் புண்ணியத்தில் ஒவ்வோர் இலையும் சோற்றுக் கோப்பை அளவு. பழம் மட்டும் ஒன்றுமில்லை.

மனைவி இரண்டு ஆடு வளர்க்கிறாள். மரம் நின்ற இடத்தில் ஆட்டுக்கொட்டில் போட வேண்டும் என்பது அவளுடைய திட்டம்.

"பொங்கலுக்குள்ள காய்க்காட்டி அண்ணையைக் கூப்பிட்டு வெட்டுவிப்பன்" என்றாள்.

"பொங்கலுக்குப் பழத்தோட படைப்பம், இருந்து பாரும்" என்றேன். வாயில் எனக்கு எந்த வருடமும் நல்ல விளைச்சல்தான்.

பிறகு அக்கராயனில் இருக்கிற எங்கள் வயலில் விதைப்பு வந்தது. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. வரம்பு உடைவதும் நான் கட்டுவதுமாக வயல் காவலுக்குப் போட்ட வாடிக் குடிசையிலேயே தங்கிவிட்டேன். வீடு திரும்பினால் மரம் மொட்டை. மழைக்குள் ஆடுகளை மேய விட முடியாமல், கொக்கத்தடிக்கு எட்டிய கிளைகளை எல்லாம் இழுத்து முறித்து ஆட்டுக்குக் குழையாகப் போட்டிருந்தாள். உச்சியில் எட்டாத ஒரு கிளைதான் மிச்சம்.

"என்னப்பா, பொங்கல் வரைக்கும் பொறுக்கேலாதே?"

"பொங்கல் வரைக்கும் ஆடு பட்டினி கிடக்குமே?"

கோபத்தில் எனக்குச் சோறு வேண்டாம் என்றேன். அவள் "சரி" என்று பானையை மூடிவிட்டாள். அதில்தான் கோபம் கூடியது.

சில கிழமைகளில் முறித்த இடமெல்லாம் தளிர் விட்டது. தளிர்களுக்கு நடுவில் பச்சையாக, மெல்லிய மயிரோடு, ஏதோ வரிசையாகத் தொங்கியது. மயிர்க்கொட்டிப் புழு! ஓடிப்போய், நெல்லுக்கு மருந்தடிக்கிற மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

"விசரே உங்களுக்கு? அது புழுவில்லை, காய்!" அவள் என் கையிலிருந்த குழாயைப் பறித்தாள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். காய்தான். கிளைக்குக் கிளை காய். கொக்கத்தடி எட்டாத அந்த உச்சிக் கிளையில் மட்டும் வெறும் இலை ஆடிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்காத மாதிரி மெசினைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பொங்கலன்று, மனைவி முன்பே சொல்லிவைத்தபடி அவளுடைய அண்ணன் கோடரியோடு வந்து இறங்கினான். முற்றத்தில் படைக்க விரித்த வாழையிலையில் கருகருவென்று மல்பெரிப் பழம் குவிந்திருந்தது. கோடரியைக் கிணற்றுக் கட்டில் சாத்திவிட்டு மரத்தடிக்குப் போனவன் பிறகு நகரவேயில்லை. வாய், விரல், பொங்கலுக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சேட்டு எல்லாம் ஊதா. ஒழுங்கைச் சனமும் ஒவ்வொருவராக வந்து பறித்துத் தின்றது. நெல்லு நன்றாக விளைந்த வருடத்தில்கூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதில்லை.

"எப்பிடி மச்சான் இப்பிடிக் காய்க்க வைச்சனீ? எனக்கும் ஒரு தடி தா."

"பராமரிப்பு மச்சான், பராமரிப்பு. எல்லாராலையும் ஏலாது."

பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அடுத்த விதைப்புக்கும் வாடியிலயே நில்லுங்கோ."