சேற்றில் படுத்தது யார்

ஒஸ்லோவில் ஒரு பூங்காவின் சரிவில் நானும் என் சிநேகிதி வசந்தியும் நிற்கிறோம். கீழே புல்வெளியில் ரொக் இசை விழாவுக்கு மேடை கட்டுகிறார்கள். நான் கனடாவிலிருந்து வந்திருக்கிறேன். அவள் இங்கேயே தங்கிவிட்டவள், ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் வீடு.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த முதல் கோடையில், இதே சரிவுக்கு இப்படியொரு விழா பார்க்க வந்தோம். அன்று நல்ல மழை. டிரம்ஸின் முதல் அடி அதிர்ந்ததும், ஷெல் விழுகிறதென்று நினைத்து வசந்தி சேற்றில் குப்புறப் படுத்துவிட்டாள். நான்தான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். கனடாவில் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று அவளிடமே சொல்கிறேன்.

"என்னடி கதைக்கிறாய்? படுத்தது நீ. நான்தான் உன்னை இழுத்து எழுப்பினனான்."

"இல்லையடி. உன்ரை தலையெல்லாம் சேறு. நான்தானே கழுவி விட்டனான்."

"உன்ரை தலையைத்தான் நான் கழுவினனான்."

அவள் பகிடி விடவில்லை, முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அந்தச் சேறு என் பல்லில் நறநறத்தது இன்னும் நினைவிருக்கிறது. நான் படுக்காமல் நின்றிருந்தால் எனக்கு அது எப்படித் தெரியும்?

"ரெண்டு பேரும்தான் படுத்தமோ?" என்று மெதுவாகக் கேட்கிறேன்.

வசந்தி தலையாட்டுகிறாள்.

"ஓம், இருக்கும். அப்ப எங்களை எழுப்பினது ஆர்?"

அன்று எங்களைச் சுற்றி நனைந்தபடி நின்றவர்களில் ஒரு முகத்தையாவது நினைவுபடுத்தப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.