ஏழாம் நிலையில் என் முறை

அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை கோயிலில் தொடங்கிச் சுண்ணாம்புக்கல் மேட்டில் முடியும். வழியில் நின்று ஜெபிக்கும் பதினான்கு நிலைக்கும் ஆள் மாறிச் சிலுவை தூக்க வேண்டும். போன வருஷம் பட்டியல் போட்டவன் நான். ஏழாம் நிலைக்கு என் பெயர்.

முதல் நிலையில் தூக்கிய மனிதர் சிலுவையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். காய்ப்பேறிய தோளில் மடித்த துண்டு. ஒவ்வொரு நிலையிலும் அந்தத் துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்துவிடுவார். ஏழாவதில் எனக்குப் பொறுக்கவில்லை. படமெடுக்க என் மனைவி வேறு செல்போனோடு காத்திருந்தாள்.

"மத்தவங்களுக்கும் வேண்டுதல் இருக்குங்க. குடுங்க."

"இருங்க சார், கட்டாயம் தரேன்."

தரவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பதினான்காம் நிலை முடிந்ததும் எல்லோரும் கஞ்சிக்கு ஓடினார்கள். அவர் மட்டும் சிலுவையோடு என்னிடம் வந்தார்.

"இந்தாங்க சார். கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோவணும். உங்களுக்குன்னுதான் வச்சிருக்கேன்."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தோளிலிருந்த துண்டைக்கூட எடுத்து நீட்டினார். பாட்டில்லை, கூட்டமில்லை, மனைவியும் கஞ்சி வரிசையில் நின்றாள்.

"தோள் வலிங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்று மறுபடி தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆள்மேல் இன்னும் எனக்கு எரிச்சல் தீரவில்லை. இந்த வருஷப் பட்டியலில் 'திரும்பும் வழி' என்று பதினைந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதில் என் பெயரை எழுதத்தான் கை வரவில்லை.