தோள்பட்டை படித்த செய்தி

ஒரு வார இதழில் அந்தந்த வாரத்து நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் கிண்டலடித்து ஒரு பக்கம் எழுதுகிறேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், எழுதி அனுப்பிய மறுநாள் காலையே தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போய், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருவேன்.

அங்கே எனக்கு எப்போதும் மசாஜ் செய்கிற அண்ணாச்சி பேப்பர் படிப்பதில்லை. "இந்த வாரம் என்ன எழுதிருக்கிய, சொல்லுங்க" என்பார். குப்புறப் படுத்தபடி சொல்வேன். ஒரு நாளும் சிரித்ததில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஆடியில் கேட்டே விட்டேன். "ஒண்ணுக்குமா சிரிப்பு வரல?"

"நான் தோளைல்லா பாக்கேன்" என்றார். செய்தி பேசினால் ஆளுக்கு ஆள் ஒவ்வொன்றுக்குத் தோள் இறுகுமாம். மகன் சவூதியில் இருக்கிறவருக்குப் போர் என்றாலே கல்லாகிவிடுமாம். பெண்ணைப் பெற்றவருக்குத் தங்கம் விலை.

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கும் இறுகாது. உலகமே தீப்பிடிச்சாலும் பஞ்சு மாதிரி கிடக்கிய."

அது பாராட்டா என்று யோசித்துக்கொண்டே, எங்கள் தெருவில் குடியிருக்கும் கட்சிக்காரர் ஒரே சாக்கடைக்கு மூன்றாவது தடவையாகப் பூமிபூஜை போட்ட கதையைச் சொன்னேன். அண்ணாச்சியின் கை நின்றது.

"தோள் இறுகுதே. இது பத்திரிகைல வருதா?"

"இல்லை" என்றேன்.

அண்ணாச்சி முதல் தடவையாகச் சிரித்தார்.