தேரை நிறுத்திய கேத்தல்

என்னைப் போன்ற மடையனை நோர்வூட் பக்கம் பார்த்திருக்க மாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் கரண்ட் போனதும், அம்மன் தேர் விளக்குக்கு என் கேரவன் வண்டியின் ஜெனரேட்டரே போதும் என்று சவடால் விட்டேன். எரிந்துகொண்டிருந்த விளக்குகள் இப்போது அணைந்துவிட்டன, தேரும் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடுகிறது. பெட்ரோலைப் பார்க்கிறேன், வயரை உருவிச் செருகுகிறேன், விஷயம் தெரிந்தவன் போல இருமுகிறேன். தப்படிப்பவர்கள் தேரை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்க்கிறார்கள். கோயில் தலைவரின் மனைவி செல்வி அக்கா வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"உள்ளுக்கு என்னங்க, கரண்ட் கேத்தலா?"

"குளிருதுன்னு ஒரு தேத்தண்ணி போடலாம்னு..."

சொல்லும்போதே உறைக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலையும் சேர்த்து இழுக்க முடியாமல் ஜெனரேட்டரின் பிரேக்கர் விழுந்திருக்கிறது. கேத்தலைப் பிடுங்கிவிட்டுப் பிரேக்கரைத் தூக்குகிறேன். தேர் ஜொலிக்கிறது, தப்பு முழங்குகிறது.

"மன்னிச்சுக்கங்க அக்கா, தேத்தண்ணி ஆசைதான்."

"லயத்து வீடுகள்ல அடுப்பு எரியுது, கேட்டா குடுக்க மாட்டோமா?"