பாவாடைச் சீட்டியில் ஒரு சட்டை

வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நான் வேலை பார்த்தபோது, துறைமுகத்தில் கரி அள்ளும் இளைஞன் ஒருவன் வருவான். கண்ணிமையில்கூடக் கரி இருக்கும். கையைத் தலைத்துண்டில் துடைத்துவிட்டுத்தான் துணியைத் தொடுவான். ஒருநாள் சட்டைக்கு, பெண்கள் பாவாடை தைக்கும் சிவப்புப் பூச்சீட்டியைக் கேட்டான்.

"வெள்ளை மல்லுத் துணி எடுப்பா. கௌரவமா இருக்கும்" என்றேன்.

"கௌரவம் உனுக்கு, அண்ணாத்தே. கரி சரிஞ்சி என் தோஸ்து அதுக்குள்ள பொதஞ்சி பூட்டான். அல்லாரும் கருப்பா கீறோமா, ஆளு கொறையறதே சாயங்காலம்தான் தெரிஞ்சுது. இத்தப் போட்டுகினு போனா, நான் இல்லாட்டி தெரியும்ல?"

மறுமாதம் அவனோடு கரி அள்ளுகிற நாலு பேர் வந்து அதே சீட்டியைக் கேட்டார்கள். அவன் இல்லாதது எனக்கு உடனே தெரிந்தது. சீட்டியை அளந்து கிழித்துக் கொடுத்தேன்.